உதிரும் காரை

பெரியம்மாவுக்கு அது முதன்முறை வந்தது ஒரு மார்கழி விடியற்காலையில். வாசல் தெளிக்க எழ வேண்டும் என்று வலப்பக்கம் புரண்டாள். அவ்வளவுதான். உத்தரம் தரையாகி, தரை சுவராகி, கட்டிலோடு அவளையும் யாரோ தூக்கிச் சுழற்றியது போல இருந்ததாம். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். அரை நிமிடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. வாந்தி மட்டும் மிச்சம். "எய்யா, வீடு சுத்துச்சுய்யா, நான் சுத்தலை" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோயறிதல் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பித்தம் என்றார் மாமா. பிரஷர் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. மருத்துவரிடம் போனதும் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒளிப்படத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, "கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு, அதான் தலைசுத்தல்" என்று சொல்லி, கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி அனுப்பிவிட்டார்கள். பதினைந்து நாளில் சுற்றல் நின்றது. பட்டைக்கு நல்ல பெயர். ஏழெட்டு மாதம் கழித்துத் திரும்பவும் வந்தது. பட்டை பரணிலிருந்து இறங்கியது. மூன்று ஆண்டுகளில் நான்கு முறை.

தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் இந்தக் கழுத்துப்பட்டையோடு நடமாடுகிறார்கள் என்று பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். அந்த வயதில் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் எலும்பு தேய்ந்துதான் இருக்கும். தலையில் நரை இருப்பதைக் காட்டி, அதனால்தான் காய்ச்சல் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பெரியம்மாவுக்கு வந்தது காதில் தோன்றும் கோளாறு. படுக்கையில் புரளும்போதும், தலைக்குக் குளிக்கக் குனியும்போதும், பரணில் டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும், கொடியில் துணி உலர்த்தும்போதும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் தலைசுற்றல். நிலைமாற்றத் தலைசுற்றல் என்று தமிழில் சொல்லலாம். மருத்துவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பி.பி.பி.வி. என்பார்கள். தலைசுற்றலோடு வருகிறவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் காது நோய் இதுதான்.

ஆக, கழுத்தெலும்பு நிரபராதி. ஆனால் வாசல் வழியாக வெளியேற்றிய எலும்பு கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே வருகிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

கத்தாளை மீன் கழுவியவர்களுக்குத் தெரியும், அதன் தலைக்குள் வெள்ளை வெளேரென்று இரண்டு கற்கள் இருக்கும். குழந்தைகள் எடுத்து வைத்து விளையாடுவார்கள். மீனுக்கு அது விளையாட்டுப் பொருள் அல்ல. எது மேல், எது கீழ் என்று இருட்டுத் தண்ணீரில் மீனுக்குச் சொல்வது அந்தக் கல்தான். நமக்கும் அதே ஏற்பாடு உண்டு. மீனுக்குப் பெரிய கல் என்றால் நமக்கு ஆயிரக்கணக்கான பொடிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐந்தாறை வரிசையாக அடுக்கிவிடலாம். உள்காதில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கூழ் போன்ற ஒரு மெத்தை. அதன்மேல் இந்தப் படிகங்கள் பதிந்திருக்கின்றன. மெத்தைக்கு அடியில் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள். சுற்றியுள்ள திரவத்தைவிடப் படிகங்களின் அடர்த்தி இரண்டரை மடங்குக்கும் மேல். தலையைச் சாய்த்தால் அவை கனத்தால் சரியப் பார்க்கும், மெத்தை இழுபடும், மயிர் வளையும், மூளைக்குச் செய்தி போகும். புவியீர்ப்பை நாம் உணர்வது இப்படித்தான்.

படிகங்கள் எதனால் ஆனவை? கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் முட்டையோடும் அதுதான். இன்னும் நெருக்கமான உதாரணம் நம் பழைய வீடுகளின் சுவரில் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு இறுகும்போது அது கால்சியம் கார்பனேட்டாகத்தான் மாறுகிறது. வெறும் சுண்ணாம்பு மட்டும் நிற்காது என்று நம் கொத்தனார்களுக்குத் தெரிந்திருந்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது. காதுக்குள்ளும் இதே சேர்மானம். புரதச் சட்டம் ஒன்றின்மேல்தான் படிகம் வளர்கிறது. மெல்லிய இழைகள் படிகத்தைப் படிகத்தோடும், எல்லாவற்றையும் மெத்தையோடும் பிணைத்து வைக்கின்றன. வயதானவர்களின் படிகங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குழியும் விரிசலுமாக இருக்கின்றன. இழைகள் அறுந்து கிடக்கின்றன. சுவர் உறுதியாகத்தான் நிற்கிறது, காரைதான் பொரிந்து உதிர்கிறது.

உதிர்ந்த தூள் பைக்குள்ளேயே கிடந்தால் தொல்லை இல்லை. பைக்குப் பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை சுழல்வதை அறிய வேண்டியவை அவை. அவற்றுக்குள் திரவம் மட்டுமே இருக்க வேண்டும். தூள் அங்கே புகுந்துவிட்டால், தலையை அசைத்து நிறுத்திய பிறகும் அது குழலுக்குள் அடியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கும். கூடவே திரவத்தை இழுக்கும். தலை நின்றுவிட்டது என்கிறது கண். இன்னும் சுழல்கிறது என்கிறது காது. மூளை காதை நம்புகிறது. தூள் அடியில் படிந்ததும் எல்லாம் அமைதியாகிறது. அரை நிமிடக் கணக்கு இதனால்தான். மூன்றில் பின்புறக் குழலே தாழ்ந்திருப்பது, எனவே பெரும்பாலும் தூள் அதில்தான் சேர்கிறது. வலக்காதே அதிகம் பாதிக்கப்படுகிறது என்பதையும் கவனித்திருக்கிறார்கள். பலர் வலப்பக்கம் படுத்துத் தூங்குவதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

நோயை முதலில் தெளிவாக விவரித்தவர் வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாராணி. காதுக்குள் வெந்நீரும் குளிர்நீரும் ஊற்றிச் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யர்களின் போர்க்கைதியாக இருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் சுற்றுகிறது என்று வந்த 27 வயதுப் பெண்ணைப் பற்றி 1921இல் எழுதினார். 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் நோயைக் கண்டறியும் சோதனையை வரையறுத்தார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி, உட்கார்ந்த நிலையிலிருந்து சட்டெனப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. விழி தானாகச் சுழன்று துடிக்கும். ஸ்கேன் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், ஒரு மெத்தை போதும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் காது மருத்துவராக இருந்த ஜான் எப்லி, தலையை வரிசைக்கிரமமாகத் திருப்பித் தூளைக் குழலிலிருந்து உருட்டிப் பழைய பைக்கே கொண்டுசேர்க்கும் வழியைக் கண்டார். ஐந்து நிமிட வேலை. மருந்தில்லாமல், கத்தியில்லாமல் குணமாகிறது என்றதால் சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் நம்பவே இல்லை. அவரது கட்டுரை 1992இல்தான் அச்சேறியது. இன்று உலகம் முழுக்க இதற்கு முதல் வைத்தியம் அதுதான்.

இதற்குமேல் எப்லியைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் அவர் விடை சொல்லாத கேள்விதான் நமக்கு வேண்டும். தூளை உள்ளே தள்ளியாயிற்று. பிறகு ஏன் திரும்ப உதிர்கிறது? அதுவும் ஏன் வயதான பெண்களுக்கு?

தலையில் அடிபட்டவர்களுக்கு இந்த நோய் வருவது புரிகிறது. அடியில் படிகம் தெறிக்கிறது. ஆனால் பெரும்பாலானோருக்கு அடி எதுவும் இல்லை. ஜெர்மனியில் 2007இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல், ஆண்களில் அதில் பாதி. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. பெண்கள், ஐம்பதுக்கு மேல், காரணம் தெரியாமல் வருவது, போய்த் திரும்ப வருவது என்ற இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எலும்பு மருத்துவர் ஒருவருக்கு உடனே வேறொரு நோயின் பெயர் நாக்கில் வந்திருக்கும். எலும்புப்புரை. சிக்கல் என்னவென்றால், காது மருத்துவரும் எலும்பு மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பது அபூர்வம்.

2003இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டொமினிக் வீபெர் என்ற காது மருத்துவரும் அவரது குழுவினரும் அந்த டீயைக் குடித்தார்கள் எனலாம். இந்தத் தலைசுற்றலோடு வந்த, ஐம்பது வயது தாண்டிய 32 பெண்களின் எலும்பு அடர்த்தியை அளந்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு எலும்புப்புரையோ, அதற்கு முந்தைய கட்டமான அடர்த்திக் குறைவோ இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது. அதே குழு அடுத்து எலிகளிடம் போனது. சூலகம் அகற்றப்பட்ட பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் நின்றுபோகும், எலும்பு புரையோடும். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலை ஒத்த நிலை அது. அந்த எலிகளின் காதுக்குள் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்திருந்ததாக 2008இல் எழுதினார்கள். எலும்பில் நடப்பதும் காதில் நடப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அடுத்த ஆண்டே தென்கொரியாவிலிருந்து பெரிய ஆய்வு வந்தது. கிம் ஜி சூ என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, தலைசுற்றல் நோயாளிகள் 209 பேரையும், இந்த நோய் இல்லாத 202 பேரையும் ஒப்பிட்டது. நோயாளிப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எலும்புப்புரை இருந்தது. மற்ற பெண்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆண் நோயாளிகளிடமும் எலும்பு அடர்த்தி குறைந்தே இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விஷயம் ஈஸ்ட்ரோஜனோடு மட்டும் முடிவதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு வேதியியல் சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். எலும்பும் கால்சியம், காதுத்தூளும் கால்சியம், ஆகவே ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட், காதில் இருப்பது கால்சியம் கார்பனேட். எலும்பு நாள்தோறும் இடிக்கப்பட்டுக் கட்டப்படும் வீடு. காதுப்படிகம் கருவில் இருக்கும்போதே பெரும்பாலும் உருவாகிவிடுவது. ஒரே கடையில் வாங்கிய சரக்கு, வேறு வேறு சமையல். பிறகு எப்படி உறவு?

காதின் உள்திரவம் விசித்திரமானது. ரத்தத்தில் உள்ளதைவிட அதில் கால்சியம் மிகமிகக் குறைவு. அந்தக் குறைந்த அளவைக் கட்டிக்காக்க, அரைவட்டக் குழல்களின் சுவரிலுள்ள செல்களில் கால்சியத்தை உறிஞ்சும் வாய்க்கால்கள் இருக்கின்றன. சிறுநீரகத்திலும் குடலிலும் இருக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வாய்க்கால்கள். அங்கே அவற்றைத் திறந்துவிடுவது யார்? வைட்டமின் டி. எலிகளின் குழல் செல்களைச் சோதித்தபோது இங்கேயும் அதே வைட்டமின்தான் அந்த வாய்க்கால்களைப் பெருக்குகிறது என்று தெரிந்தது. எலும்புக்கும் காதுக்கும் நேரடிச் சாலை இல்லாமல் இருக்கலாம். இரண்டுக்கும் தண்ணீர் விடும் மடைக்காரன் ஒருவனே.

இதிலிருந்து இரண்டு விளக்கங்கள் கிளைக்கின்றன. ஒன்று, கால்சியப் பராமரிப்பு கெட்டால் படிகம் சத்தில்லாமல் உதிர்கிறது. இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. படிகம் உதிர்வது எல்லோருக்கும் நடக்கிற காரியமாகவே இருக்கலாம். ஆரோக்கியமான காதில் கால்சியம் குறைந்த திரவம், உதிர்ந்த தூளைச் சர்க்கரை போலக் கரைத்துவிடுகிறது. எலும்பு வேகமாகக் கரையும் உடலில், ரத்தம் வழியாகக் கால்சியம் காதுத் திரவத்திலும் கூடிவிட்டால்? ஏற்கெனவே இனித்துக்கிடக்கும் டீயில் போட்ட சர்க்கரை அடியில் தங்குவது போலத் தூள் கரையாமல் கிடக்கும். இது வெறும் ஊகமில்லை. 1998இல் இத்தாலிய ஆய்வாளர்கள் தவளையின் காதுப்படிகங்களை எடுத்து, காதுத் திரவத்தைப் போன்ற கால்சியம் குறைந்த கரைசலில் போட்டார்கள். ஒரு நாளைக்குள் கரைந்துவிட்டன. கால்சியத்தைக் கூட்டக் கூட்டக் கரைவது தாமதமானது. ஓரளவுக்கு மேல் கரையவே இல்லை. பலருக்குச் சிகிச்சையே இல்லாமல் சில வாரங்களில் சுற்றல் நின்றுவிடுவதற்கும் இதில் காரணம் இருக்கிறது. பெரியம்மாவின் கழுத்துப்பட்டை நல்ல பெயர் வாங்கியதும் இப்படித்தான்.

சரி, வைட்டமின் டி கொடுத்தால் திரும்ப வருவது குறையுமா? கிம் ஜி சூவின் கூட்டணியே இதையும் சோதித்தது. கொரியாவில் எட்டு மருத்துவமனைகள். தலையைத் திருப்பும் சிகிச்சையால் குணமான 957 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்து, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஓராண்டு முழுக்கத் தினமும் இரண்டு வேளை மாத்திரை கொடுத்தார்கள். வேளைக்கு 400 யூனிட் வைட்டமின் டி, 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். ஆம், அதே காரைச் சுண்ணாம்பு. அது நேராகக் காதுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களுக்கு மாத்திரை இல்லை. 2020இல் முடிவு வந்தது. மாத்திரைக் குழுவில் ஓராண்டில் ஒருவருக்குச் சராசரியாக 0.83 முறை, மற்றதில் 1.10 முறை நோய் திரும்பியது. 24 சதவீதக் குறைவு. தொடக்கத்தில் வைட்டமின் டி 10க்கும் கீழே கிடந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம், 45 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து வெடி கொளுத்த வேண்டியதில்லை. மாத்திரை எடுத்தவர்களுக்கும் நோய் திரும்பத்தான் செய்தது, சற்றுக் குறைவாக. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி மாத்திரை தரப்படவில்லை. தான் மருந்து சாப்பிடுவது தெரிந்தவர் சிறு சுற்றலைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். எலும்புப்புரைக்கும் தலைசுற்றலுக்குமான உறவிலும் வயது என்ற குறும்புக்காரன் குறுக்கே நிற்கிறான். இரண்டும் முதுமையில் கூடுபவை, ஆகவே ஒன்றாகத் தென்படுவதில் ஆச்சரியம் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வயதைச் சரிக்கட்டிக் கணக்கிட்ட ஆய்வுகளிலும் உறவு பெரும்பாலும் தேறியிருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. என் கணிப்பு இது: நோய் முதன்முறை வருவதில் எலும்பின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் கலங்கல். திரும்பத் திரும்ப வருவதில் அதற்குப் பங்குண்டு என்பது ஓரளவு தெளிவு.

இத்தனை தயக்கங்களுக்குப் பிறகும் இந்த உறவை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. காதும் எலும்பும் வேதியியலில் சந்திக்கின்றனவோ இல்லையோ, குளியலறைத் தரையில் கட்டாயம் சந்திக்கின்றன. சுற்றல் வந்தால் விழுவார்கள். புரையோடிய எலும்பு உள்ளவர் விழுந்தால் இடுப்பு உடையும். இடுப்பு உடைந்த முதியவர்களில் கணிசமானோர் அடுத்த ஓராண்டைத் தாண்டுவதில்லை. அமெரிக்காவில் முதியோர் மருத்துவமனை ஒன்றில் வேறு வேறு காரணங்களுக்காக வந்தவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இந்தக் காதுக் கோளாறு இருந்ததும், அது அதுவரை யாருக்கும் தெரியாமலே இருந்ததும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. வயதானால் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கத்தானே செய்யும் என்று அவர்களே விட்டுவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, படுக்கையில் புரளும்போது சுற்றுகிறது என்று ஒரு அம்மா சொன்னால், செய்ய வேண்டியது காதைச் சோதித்துத் தூளைத் தள்ளுவது. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் ரத்த அழுத்தக் கணக்கு, வேறு கதை. பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, கைகால் பலவீனம், நிற்கவே முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அது மூளையின் அபாய மணி. அப்போது புத்தகத்தை மூடிவிட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது தூளை ஓர் அங்குலமும் நகர்த்தாது. அவற்றில் சில, நீண்ட நாள் எடுத்தால் நடுக்குவாதம் போன்ற தொல்லையைக் கொண்டுவருபவை. இரண்டாம் முறையும் சுற்றல் வந்தால், எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். அதற்காக, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டை வாரந்தோறும் பாலில் கலந்து குடித்துக்கொண்டே இருப்பதும் தப்பு. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் உட்காரும்.

பெரியம்மாவை நான்காம் முறை வேறொரு மருத்துவர் பார்த்தார். படுக்கவைத்து வலப்பக்கம் தலையைத் திருப்பினார். விழி சுழன்றது. "இதுதான்யா, இதுதான்!" என்று அவள் கத்தினாள். தன்னைப் படுத்தியவனை ஊர்க்கூட்டத்தில் அடையாளம் காட்டுகிற குரல் அது. ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. அடுத்த வாரம் எலும்பு அடர்த்தி அளந்தார்கள். மைனஸ் 2.9 என்று சீட்டில் இருந்தது. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை. வைட்டமின் டி 11. தென்மாவட்ட வெயிலில் அறுபத்தெட்டு வருடம் வாழ்ந்தவளுக்கு! அவள் கோலம் போட்டது விடிவதற்கு முன்னால், காய்கறிக்குப் போனது பொழுது சாய்ந்த பிறகு, உச்சி வெயிலில் இருந்தது அடுக்களைக்குள். காலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அந்நேரத்தில் மிகச் சொற்பம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதுமான அளவு வருகிறது.

மாத்திரையும் எலும்புக்கான மருந்தும் தொடங்கியாயிற்று. பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவது இப்போது அவள் பொறுப்பு. அதற்கு முன் மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வைத்தோம். கொத்தனார் சுவரில் துளை போட்டபோது பழைய காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கழுத்துப்பட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதை எடுத்து எறிய வேண்டுமென்றால் யாராவது அண்ணாந்து பார்க்க வேண்டும், பெரியம்மா மாட்டேன் என்கிறாள்.